பதினெட்டு பேர், ஒரு பந்து: பி.இ.டி. சார் எங்கிருந்து வந்தார்?

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க ஸ்கூல் டைம்டேபிள்ல ‘பி.இ.டி.’ன்னு போட்டிருந்த பீரியட்ல நிஜமா என்ன நடந்தது?

எனக்கு வாரத்துக்கு ரெண்டு பீரியட். ஒண்ணைக் கணக்கு டீச்சர் எடுத்துக்குவாங்க. இன்னொண்ணுல பி.இ.டி. சார், ஸ்கூல் டீம்ல இருந்த பன்னிரண்டு பேரைக் கூட்டிட்டுப் போயிடுவார். மீதி நாங்க எல்லாரும் வேப்பமரத்தடியில. ரொம்ப நாள் அவர் மேல எனக்கு ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை யார் கணக்குல எழுதணும்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

தேடல் 1880ல போய் நின்னுச்சு. அந்த வருஷம் ஜனவரி 27ஆம் தேதி பிரான்ஸ்ல ஒரு சட்டம் வருது: ஆண் பிள்ளைகள் படிக்கிற அரசுப் பள்ளிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் கட்டாயம். ஒன்றரை மாசம் கழிச்சு, மார்ச் 12ஆம் தேதி, அதே அரசு இன்னொரு ஆணை போடுது. பிரெஞ்சிந்தியாவுல பத்து கொம்யூன்கள் உருவாகுது. அதுல புதுச்சேரிப் பகுதிக்கு நாலு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். முதல் சட்டம் பிரான்சுக்குள்ள நடந்த விஷயம், ரெண்டுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. ஆனா வில்லியனூரையும் பாகூரையும் ஒரு நிர்வாக அலகா மாத்துன அரசு, அதே சமயத்துல பள்ளிக்கூட மைதானத்தைப் பத்தி என்ன நினைச்சதுன்னு பார்க்கிறது சுவாரஸ்யமானது.

பிரான்ஸ் அப்போ அவமானத்துல இருந்தது. 1870-71 போர்ல பிரஷ்யாகிட்ட தோத்துப் போச்சு. ‘நம்ம பையங்க உடம்பு சரியில்ல, அதான் தோத்தோம்’னு ஒரு பேச்சு நாடு முழுக்க ஓடிச்சு. 1882ல பள்ளிப் பையன்களுக்குன்னே படைப்பிரிவு அமைச்சு, கையில துப்பாக்கி கொடுத்து நடக்க விட்டாங்க. பத்து வருஷத்துல அந்தக் கூத்து அடங்கிடுச்சு. சொல்லிக் கொடுத்தது யாருன்னு கேட்டா, பாரிஸ் பக்கத்துல ழுவான்வீல்னு ஒரு ஊர்ல 1852ல தொடங்கின ராணுவ ஜிம்னாஸ்டிக்ஸ் பள்ளி இருந்தது. அங்க தயாரானவங்களும் ஓய்வுபெற்ற சிப்பாய்களும்தான். பிரிட்டிஷ்காரங்க ஆண்ட மெட்ராஸ் பக்கமும் கதை அதேதான். பட்டாளத்துல இருந்து வந்தவர்தான் ‘டிரில் மாஸ்டர்’. அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ், லெஃப்ட் ரைட். அந்த வாத்தியாரோட வேலை பிள்ளைகளை வரிசையில நிறுத்துறது.

இன்னொரு பரம்பரையும் இருக்கு. 1891 டிசம்பர், அமெரிக்காவுல ஸ்ப்ரிங்ஃபீல்ட். ஒய்.எம்.சி.ஏ. நடத்தின பயிற்சிப் பள்ளி. வெளியில பனி. உள்ளே ஒரு ஹால்ல பதினெட்டு வளர்ந்த ஆம்பிளைங்க, தினமும் அதே ஜிம்னாஸ்டிக்ஸ் செஞ்சு வெறுத்துப் போயிருந்தாங்க. ரெண்டு ஆசிரியர்கள் இந்த வகுப்பே வேண்டாம்னு கும்பிடு போட்டுட்டாங்க. மூணாவதா ஜேம்ஸ் நெய்ஸ்மித்னு முப்பது வயசு ஆசிரியர்கிட்ட தள்ளிவிட்டு, ‘பதினாலு நாள்ல இவங்களுக்கு ஒரு விளையாட்டு கண்டுபிடி’ன்னு சொன்னாங்க. அவர் பீச் பழம் வைக்கிற ரெண்டு கூடையை மாடிக் கைப்பிடியில, பத்து அடி உயரத்துல, ஆணி அடிச்சு மாட்டினார். பதிமூணு விதி எழுதி சுவத்துல ஒட்டினார். கூடைப்பந்து பிறந்தது. முதல் ஆட்டத்துல மொத்தம் ஒரே ஒரு பந்துதான் கூடையில விழுந்தது. 1-0.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது கூடை இல்ல, ஆள்கணக்கு. கையில பதினெட்டு பேர் இருக்காங்க, அதனால ஆட்டம் ஒன்பதுக்கு ஒன்பது. யாரும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கல. இருக்கிற இடம், இருக்கிற பிள்ளைங்க, இருக்கிற சாமான், இந்த மூணையும் வச்சு ஒரு விளையாட்டு செய்யத் தெரிஞ்ச ஆசிரியர். நாலு வருஷம் கழிச்சு, பக்கத்து ஊரான ஹோலியோக்ல, அதே பள்ளியில படிச்ச வில்லியம் மார்கன் வாலிபால் கண்டுபிடிக்கிறார். இன்னைக்கு சாயங்காலம் பாகூர்ல யாரோ வலை கட்டுறாங்கன்னா, அந்தக் கயித்தோட இன்னொரு முனை அங்கதான் இருக்கு.

அந்த ஸ்ப்ரிங்ஃபீல்ட்ல படிச்சவர்தான் ஹாரி க்ரோ பக். 1919ல மெட்ராஸ் வந்தார். 1920ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை ஆரம்பிச்சார். விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள், ஓலைக் கொட்டகை. இன்னைக்கு நந்தனத்துல அடையாற்றங்கரையோரம் நீங்க பார்க்கிற கல்லூரி அதுதான். இந்தியாவுல உடற்கல்வி ஆசிரியரைத் தயாரிக்கிற வேலை முறையா தொடங்கினது இங்கேன்னு சொல்லலாம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் பக்தான். 1943ல இறக்கிற வரைக்கும் இந்தக் கல்லூரிதான் அவர் வாழ்க்கை.

ஆக, 1920ல நம்ம பக்கம் ஒரு மாற்றம் வந்தது. டிரில் மாஸ்டருக்குப் பதிலா, விளையாட்டு வழியா பிள்ளைகளை வளர்க்கிற ஆசிரியர். கல்லூரி மாறிச்சு, சரி. பள்ளிக்கூடம் மாறிச்சா?

உங்க பி.இ.டி. சாரோட ஒரு நாளை யோசிச்சுப் பாருங்க. காலையில பிரேயர்ல வரிசை ஒழுங்கு. லேட்டா வந்தவங்களைத் தனியா நிறுத்துறது. முடி வெட்டாதவன், ஷூ போடாதவன் பஞ்சாயத்து. ஆகஸ்ட் 15க்கு ரெண்டு வாரம் முன்னாடியிலிருந்து பரேடு. ஸ்டாஃப் ரூம்ல யாருக்காவது ஒரு பையனை அடக்க முடியலைன்னா, ‘பி.இ.டி. சாரைக் கூப்பிடு’. நந்தனம் பாணியில பயிற்சி கொடுத்த ஆளை, ழுவான்வீல் வேலைக்கு வச்சிருக்கோம். நூறு வருஷமா.

நடுவுல நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1957ல குவாலியர்ல மத்திய அரசு லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்குது. மூணு வருஷப் பட்டப் படிப்பு. முதல் முதல்வர் பி.எம். ஜோசப். உடற்கல்வி ஒரு பட்டத்துக்குரிய துறையாகுது. 1993ல ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் சட்டம், அதாவது என்.சி.டி.இ. 2014 விதிமுறையில பி.பி.எட். ஒரு வருஷத்திலிருந்து ரெண்டு வருஷமாச்சு. நம்ம பக்கத்துப் பசங்களுக்குன்னா, சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மேற்படிப்புக்குக் காலாப்பட்டுல புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோட உடற்கல்வித் துறை.

இந்தப் படிப்புகள் நல்லா தயார் பண்ணுதான்னு எப்படி அளக்கிறாங்க? கவுன்சிலோட விதிமுறையைத் திறந்தா, எத்தனை ஆசிரியர், எவ்வளவு நிலம், ஓட்டப்பாதை இருக்கா, ஹால் இருக்கா. இதைப் படிச்சப்போ எனக்குப் பாகூர் செப்பேடு ஞாபகம் வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுல, பல்லவன் நிருபதுங்கன் காலத்துல, பாகூர்ல ஒரு வித்யாஸ்தானம், ஒரு கல்லூரி, இருந்தது. அதை நடத்த மூணு ஊர்களைத் தானமா கொடுத்ததைச் சொல்ற செப்பேடு அது. ஊர் எல்லை, நிலம் எல்லாம் கவனமா எழுதியிருக்கு. படிச்சு வெளியே வந்தவங்க என்ன ஆனாங்கன்னு அதுல இருக்காது. சாசனத்துக்கு அது வேலையும் இல்ல. ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சு நம்ம ஆய்வுக் குழு போறப்பவும் அதே மாதிரி நிலத்தை மட்டும் அளந்துட்டு வந்தா எப்படி?

வேற அளவுகோல் இல்லாம இல்ல. 1970களோட கடைசியில ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துல டேரில் சீடன்டாப்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் ரொம்ப எளிமையான ஒரு விஷயத்தை அளக்க ஆரம்பிச்சாங்க. மைதானத்துல ஒரு பிள்ளையைக் குறி வச்சுக்கோ. அந்த பீரியட்ல எவ்வளவு நேரம் அது தன் திறமைக்கு ஏத்த ஒரு அசைவுல நிஜமா ஈடுபட்டிருக்கு? காத்திருந்தது, நடந்து போனது, அறிவுரை கேட்டது, இதெல்லாம் கணக்குல சேராது.

அதை ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் மனக்கணக்குதான். 40 நிமிஷ பீரியட். வகுப்புல 48 பேர். கிளாஸ்ல இருந்து இறங்கி வரிசை கட்டி வர, திரும்பிப் போக 10 நிமிஷம். மிச்சம் 30. ஒரு வாலிபால், ஒரு வலை. ஆட்டத்துக்கு 12 பேர்னா நாலு பேட்ச். ஆளுக்கு ஏழரை நிமிஷம், அதுலயும் பந்து கைக்கு வர்றது சில விநாடி. சார் நியாயமான ஆளா இருந்து எல்லாருக்கும் பங்கு வச்சாதான் இதுவும். அதே 48 பேரை எட்டு எட்டு பேரா ஆறு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு வாலிபால், மத்ததுக்குக் கயிறு, சாக்பீஸ் கட்டம், சடுகுடு, ரிலேன்னு சுத்த விட்டா கணக்கு தலைகீழா மாறும். அதுக்குப் பணம் வேண்டாம், பயிற்சி வேணும். கோர்ட்டோட நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர்னு எந்தப் பி.பி.எட். மாணவனும் தூக்கத்துல சொல்லுவான். 48 பேர், ஒரு பந்துன்னா என்ன செய்வேன்னு அவனை யாராவது பரீட்சையில கேட்கணும்.

இங்க இன்னொரு சிக்கல் இருக்கு, இதுல கல்லூரியை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. டான் லார்ட்டின்னு ஒரு அமெரிக்கச் சமூகவியலாளர் 1975ல எழுதினார்: ஆசிரியராகிறவங்க தன் பள்ளிப் பருவம் முழுக்க ஆசிரியர்களைப் பார்த்துக்கிட்டே இருந்தவங்க, அந்தப் பயிற்சி கல்லூரிப் பயிற்சியை விடப் பல வருஷம் நீளம். பி.பி.எட். சேர்றது பெரும்பாலும் யாரு? ஸ்கூல் டீம்ல இருந்த அந்தப் பன்னிரண்டு பேர்ல ஒருத்தர். அட்மிஷன்லயும் விளையாட்டுச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. அவர் பார்த்த பி.இ.டி. பீரியட்ங்கிறது டீம் பிராக்டிஸ். வேப்பமரத்தடி அவருக்குத் தெரியவே தெரியாது. குறிப்பா அங்க உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள். புதுச்சேரி நகரத்துக்குள்ளேயே, அரவிந்தர் ஆசிரமத்துல, 1945ல உடற்கல்வித் துறை தொடங்கி, 40கள் முடியறதுக்குள்ள பெண்கள் ஷார்ட்ஸ் போட்டு மைதானத்துல இறங்கிட்டாங்க. வில்லியனூர் அங்கிருந்து பஸ்ல அரை மணி நேரம்தான். ஆனா அது தனக்குன்னு ஒரு நேரம், ஒரு ஒழுங்கு வச்சிருந்த ஒரு சமூகம். அதை அப்படியே தூக்கி அரசுப் பள்ளியில வைக்க முடியாது.

இப்போ ஏன் இதைப் பேசணும்? 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல இருந்தா உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேணும்னு சொல்லுது. பகுதிநேரம். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் அதுவும் இல்ல. இன்னொரு பக்கம், புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24ல இருந்து மேல் வகுப்புகளையும் படிப்படியா சி.பி.எஸ்.இ.க்கு மாத்திடுச்சு. அந்த வாரியம் 2018ல இருந்தே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உடற்கல்வியைக் கட்டாயமாக்கியிருக்கு. பதினொண்ணு, பன்னிரண்டுல அதை விருப்பப் பாடமாவும் எடுக்கலாம், 70 மார்க் எழுத்து, 30 மார்க் செய்முறை. ஆக, பாகூர்ல ஒரு பள்ளியில வேலைக்குச் சேர்ற புது ஆசிரியர், டிரில் மாஸ்டராவும் இருக்கணும், கோச்சாவும் இருக்கணும், போர்டுல பயோமெக்கானிக்ஸ் படம் போட்டு நோட்ஸும் கொடுக்கணும். பரீட்சை இருக்கிற பன்னிரண்டாம் வகுப்புக்கும், பரீட்சை இல்லாத ஆறாம் வகுப்புக்கும் நடுவுல அவர் நேரம் எங்க போகும்னு நீங்களே சொல்லுங்க.

ஒரு உடற்கல்விப் படிப்பு எப்படின்னு என்கிட்ட யாராவது கேட்டா, நான் அந்தக் கல்லூரிக்குப் போக மாட்டேன். அங்க படிச்சு மூணு வருஷமா கிராமத்துப் பள்ளியில வேலை பார்க்கிற ஒருத்தரைத் தேடிப் போவேன். டைம்டேபிளைக் காட்டுங்க சார், இதுல போன மாசம் எத்தனை பீரியட் நிஜமா உங்க கைக்கு வந்தது? கணக்கு டீச்சர் கேட்டப்போ என்ன சொன்னீங்க? அதுக்கு என்ன சொல்லணும்னு கல்லூரியில யாராவது கத்துக் கொடுத்தாங்களா? ஸ்போர்ட்ஸ் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு? ஏழாம் வகுப்புல பந்தையே தொடாத பொண்ணுங்க எத்தனை பேர், பேர் தெரியுமா?

என் ஸ்கூல் சாரை இப்படி யாரும் கேட்டதில்லைன்னு நினைக்கிறேன். அந்தக் கோபம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, முழுசா போகல.

உங்க பி.இ.டி. பீரியட்ல நீங்க அந்தப் பன்னிரண்டு பேர்ல ஒருத்தரா, மரத்தடியா? ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது கேட்டுட்டு இருந்தா கண்டிப்பா அனுப்புங்க, அடுத்த எபிசோட் முதல்ல உங்க குரல்தான்.