மின்சார வண்டியும் அது தரும் தரவும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றைப் போக்குவரத்தின் வரலாறு என்றே கூறலாம். 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890-இல் அது கிள்ளான் நகரை எட்டியது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வேப் பட்டறைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அமைந்தமையால் தமிழர் செறிந்து வாழும் பகுதியாயிற்று. 1995-இல் கிள்ளான் பாதையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. இன்று சாலையிலும் மின்சார மோட்டார் வண்டி வந்துவிட்டது. அதனோடு புதியதொரு வினாவும் வந்துள்ளது: வண்டி தன்னைச் செலுத்துபவரைப் பற்றி அறிந்தவற்றை யாரிடம் சொல்கிறது?

இந்நாட்டு மின்சார வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் காணப்படுகிறது. 1894-இல் ரவாங்கிலிருந்த ஈய லம்பத்தில் மின்னாக்கியை நிறுவிய இருவருள் ஒருவர் லோக் இயூ. மற்றவர் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளை.

மின்கலம் வளர்ந்த கதை

மின்சார வண்டி புதுமையானதன்று. 1859-இல் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே, மீண்டும் மீண்டும் மின்னூட்டத்தக்க ஈய மின்கலத்தை உருவாக்கினார். 1899-இல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகக் கடந்த மோட்டார் வண்டி, பெட்ரோல் வண்டியன்று, மின்சார வண்டியே. ஆயினும் ஈய மின்கலம் கனமானது; அதனைக் கொண்டு நெடுந்தொலைவு செல்லவும் இயலவில்லை. 1908-இல் போர்டு நிறுவனத்தின் மலிவான வண்டி வந்தது. 1912-இல், கைப்பிடியால் சுழற்றாமலே பெட்ரோல் இயந்திரத்தைக் கிளப்பும் கருவியும் வந்தது. மின்சார வண்டி பின்தங்கியது.

அதற்கு மறுவாழ்வு தந்தது லித்தியம் மின்கலம். 1970-களில் விட்டிங்ஹாம் தொடங்கி, 1980-இல் குடினப் வளர்த்து, 1985-இல் யோஷினோ செம்மை செய்த இம்மின்கலம் 1991-இல் சந்தைக்கு வந்தது. மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஸ்டாக்ஹோமில் குடினப்பின் சார்பில் நோபல் உரையாற்றியவர், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்ற தமிழர் ஆறுமுகம் மந்திரம். 1980-களில் அவரும் குடினப்பும் நிகழ்த்திய ஆய்வுகள், பின்னாளில் இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட லித்தியம் மின்கலம் தோன்ற வழிவகுத்தன. 2024 டிசம்பரில் வெளிவந்த புரோட்டோன் இ.மாஸ் 7 வண்டியில் உள்ளது அவ்வகை மின்கலமே.

அளவும் வேவும்

லித்தியம் மின்கலத்தை அளவு மீறி மின்னூட்டினால் வெப்பம் மிகும்; தீப்பற்றவும் கூடும். ஆதலால் வண்டியிலுள்ள கணினி, கலங்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் இடைவிடாது அளந்துகொண்டே இருக்கிறது. இது பாதுகாப்புக்கு இன்றியமையாதது. ஆனால் இன்றைய வண்டிகள் கைத்தொலைபேசி போல இணையத்தோடும் தொடர்பு கொண்டவை. மின்னூட்டக் கணக்கோடு, எங்கே மின்னூட்டினார், எந்நேரம் எங்கே நிறுத்தினார் என்பனவும் சேர்ந்துவிட்டால், அளவு வேவாகிவிடும்.

இது வெறும் அச்சமன்று. 2023-இல் டோயோட்டா நிறுவனம், ஜப்பானில் ஏறத்தாழ 21 இலட்சத்து 50 ஆயிரம் வாடிக்கையாளரின் வண்டித் தரவுகள் பத்தாண்டுக் காலம் காப்பின்றிக் கிடந்ததை ஒப்புக்கொண்டது. 2024-இன் இறுதியில், போக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறத்தாழ 8 இலட்சம் மின்சார வண்டிகளின் தரவுகள் அவ்வாறே திறந்து கிடந்தமை ஜெர்மனியில் வெளியாயிற்று. அவற்றுட் பலவற்றில் வண்டி நின்ற இடமும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. மின்னூட்டப் பழக்கத்தை அறிவது மின்கலத்தைச் செம்மை செய்ய உதவும் என்பது நிறுவனத்தின் விளக்கம். மின்கலத்தின் நலம் நாடியவர்க்கு, வண்டி எவர் வீட்டு வாயிலில் நின்றது என்னும் செய்தி எதற்கு? அமெரிக்காவிலோ, ஓட்டுநரின் இருப்பிடத்தையும் ஓட்டும் பழக்கத்தையும் தக்க இசைவின்றி விற்றதாக ஜெனரல் மோட்டார்ஸ் மீது அரசின் வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அத்தகைய தரவை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு ஐந்தாண்டுகள் வழங்கக் கூடாது என்னும் தடையை 2025 ஜனவரியில் அது அறிவித்தது.

மலாயா மக்களுக்குப் பதிவேடு புதிதன்று. அவசரகாலம் தொடங்கிய 1948-இல், 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் அடையாளக் கார்டு பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கடுமையான விதிதான். எனினும் கார்டு அவரவர் கையிலேயே இருந்தது. அதில் எழுதியிருப்பதை எழுத்தறிந்தவர் படித்துக்கொள்ளலாம். வண்டி எழுதும் பதிவேடோ உரியவர் கண்ணிலேயே படுவதில்லை.

சட்டத்தின் எல்லை

மலேசியாவில் 2010-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. தம்மைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறவும், பிழையிருப்பின் திருத்தவும் அது உரிமை தருகிறது. 2024-ஆம் ஆண்டின் திருத்தத்தால் உச்ச அபராதம் 10 இலட்சம் வெள்ளியாக உயர்ந்தது; தரவு கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்கும் கடமையும் 2025 ஜூன் 1 முதல் வந்தது. ஆயினும் கூட்டரசும் மாநில அரசுகளும் இச்சட்டத்திற்கு உட்பட்டவை அல்ல. முற்றிலும் வெளிநாட்டிலேயே கையாளப்படும் தரவும், மீண்டும் இங்கே கையாளும் நோக்கம் இல்லாதபோது, இதன் எல்லைக்குள் வாராது. வண்டியின் தரவு கடல்கடந்து செல்லக்கூடிய இக்காலத்தில் இது சிறிய இடைவெளியன்று.

'தரவு' என்பது தமிழாசிரியர்க்குப் பழகிய சொல். கலிப்பாவின் முதலுறுப்புக்கு அப்பெயர் உண்டு. 'தா' என்னும் வினையடியாகப் பிறந்து, தரப்படுவதைக் குறிப்பது அது. 'டேட்டா' என்பதன் இலத்தீன் வேரும் கொடுக்கப்பட்டது என்றே பொருள்படும். இரு மொழிகளும் ஒருங்கே உணர்த்தும் நெறி இதுதான்: உரியவர் அறிந்து மனமொப்பிக் கொடுத்ததே தரவு. அவர் அறியாமல் எடுத்துக்கொண்டதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.