பிழை யார் பக்கம்? வரைகலை நிரலாக்கத்தில் திறமூலப் பிழைதேடிகளின் இடம்

கணினி விளையாட்டு ஒன்றில், பாத்திரத்தின் கன்னத்தில் ஒரு கறுப்புக் கட்டம் மின்னி மறைகிறது. குற்றம் விளையாட்டின் நிரலிலா, அதைத் தாங்கும் எஞ்சினிலா, வரைகலைச் செயலியான ஜிபியுவின் டிரைவரிலா, அந்தச் சிப்பிலேயேவா? நான்கும் நான்கு நிறுவனங்களின் கையில் இருக்கலாம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டலாம். இத்தகைய வழக்கில் எல்லாத் தரப்பும் சோதித்துப் பார்க்கக்கூடிய சாட்சியத்தைத் தருவதே திறமூலப் பிழைதேடிகளின் தலையாய பங்களிப்பு என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அவை இலவசமாகக் கிடைப்பது இரண்டாம்பட்சம்.

சாதாரண நிரலில் பிழை தேடும் முறை பழகியது. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி போன்ற கருவியில், வேண்டிய வரியில் ஓட்டத்தை நிறுத்தி மாறிகளைப் பார்க்கலாம். ஜிபியுவில் இது எளிதில் நடக்காது. ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. சிபியு வரிசையில் போட்ட கட்டளை பிறகுதான் நிறைவேறுகிறது. ஆகவே, முதலில் எல்லாவற்றையும் பதிவு செய்து பிறகு நிதானமாக மீண்டும் ஓட்டிப் பார்க்கும் முறை இங்கு வேரூன்றியது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் பிழைகளைப் பிடிக்க மொசில்லா உருவாக்கிய ‘ஆர்ஆர்’ கருவியும் இதே வழியைச் சிபியு நிரல்களில் கையாள்கிறது.

வரைகலையில் இம்முறைக்கு இரு வடிவங்கள் உண்டு. ஹோசே ஃபொன்செக்கா தொடங்கிய ‘ஏபிஐடிரேஸ்’, நிரல் டிரைவருக்கு அனுப்பும் ஓபன்ஜிஎல், டைரக்ட்3டி ஆகிய வரைகலை இடைமுகங்களின் அழைப்புகளை வரிசை மாறாமல் கோப்பில் எழுதுகிறது. கிரைடெக் நிறுவனத்தில் பணியாற்றியபோது பால்டர் கார்ல்சன் உருவாக்கி, 2014இல் எம்ஐடி உரிமத்தில் வெளியான ‘ரெண்டர்டாக்’, ஒரே ஒரு ஃபிரேமைப் பிடித்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறது.

அந்தக் கறுப்புக் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ரெண்டர்டாக் வழியாக ஓடும் விளையாட்டில் எஃப்12 பொத்தானை அழுத்தினால் ஃபிரேம் பதிவாகிறது. கட்டத்தின் நடுப் பிக்சலைத் தேர்ந்து அதன் வரலாற்றைக் கேட்டால், அதைத் தொட்ட ஒவ்வொரு வரைதல் கட்டளையும் பட்டியலாக வருகிறது. ஆழச் சோதனையில் தோற்றவை எவை, எழுதியவை எவை என்று தெரிகிறது. பட்டியலில் ஓரிடத்தில் நிறத்தின் மதிப்பு ‘நான்’ (NaN), அதாவது எண்ணல்லாத ஒன்று. பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் ஷேடர் நிரலை அடியடியாக ஓட்டினால், நீளம் சுழியான திசையன் ஒன்றை அலகாக்க முயன்ற வரி அகப்படுகிறது. ஒரு பிக்சலில் பிறந்த கோளாறை, ஒளிப்பரவலுக்கான மங்கலாக்கம் அக்கம்பக்கப் பிக்சல்களுக்கும் பரப்பிக் கட்டமாக்கியிருக்கிறது. இங்கே டிரைவர் நிரபராதி.

இப்படிப்பட்ட பதிவு தரப்புகளுக்கிடையே கைமாறும். லினக்ஸின் மெசா டிரைவர் திட்டம், இத்தகைய பதிவுகளைத் தானியங்கிச் சோதனையில் மீண்டும் ஓட்டி, வரும் படத்தின் சரிபார்ப்பு எண்ணை முந்தையதோடு ஒப்பிடுகிறது. மாற்றம் எதனால் வந்தது என்ற சர்ச்சை எழுந்தால், பதிவை வாசிக்கும் நிரலையும் வரிவரியாகச் சோதிக்கலாம். சிப் நிறுவனத்தின் மூடிய கருவி தன் டிரைவரைக் குற்றமற்றதாகக் காட்டும்போது அந்த வாய்ப்பு இல்லை.

இச்சாட்சியத்துக்கும் எல்லைகள் உண்டு. ரெண்டர்டாக் பதிவு வேறு வகை ஜிபியுவில் ஓடும் என்ற உறுதியில்லை. பதிவுக்குள் விளையாட்டின் படங்களும் மாதிரிகளும் அடங்கியிருப்பதால், நிறுவனங்கள் அதை வெளியே தரத் தயங்கும். பதிவு செய்யும் வேலையே நேர ஒழுங்கை மாற்றுவதால், ஒத்திசைவுப் பிழைகள் ஒளிந்துகொள்ளக்கூடும். அங்கே வல்கன் வரைகலை இடைமுகத்தின் திறமூலச் சரிபார்ப்பு அடுக்குகள்தான் கைகொடுக்கின்றன. சிப்பின் உள் அளவீடுகளை ஆழமாகக் காட்டுவதில் என்விடியாவின் ‘என்சைட்’ போன்ற கருவிகளே முந்துகின்றன.

உரிமம் மட்டும் ஒரு கருவியை வாழவைக்காது என்பதற்கு, விளையாட்டு நிறுவனமான வால்வ் 2014இல் வெளியிட்ட ஓபன்ஜிஎல் பிழைதேடி ‘வோகல்’ சான்று: மூலநிரல் திறந்தே இருந்தும் அதன் வளர்ச்சி நின்றுபோனது. ரெண்டர்டாக்கின் தொடர்ச்சியும் பெருமளவு ஒருவரின் உழைப்பில் நிற்கிறது. ஆகவே, இக்கருவிகளைப் பராமரிப்பதைச் சிப் நிறுவனங்களும் எஞ்சின் நிறுவனங்களும் பொதுச் செலவாக ஏற்பது அவற்றின் நலனுக்கே உகந்தது. தம் மீது விழும் பொய்க் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுபட அவற்றுக்கும் இந்தச் சாட்சியம்தான் தேவைப்படுகிறது.