காயாரோகணம் மகன் தம்புசாமி: ஒரு குடிவழித் தேடல்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்த்தல் ஆகாது என்பது முன்னோர் மொழி. நம்மவர் பலர் குடும்ப மூலத்தையும் அவற்றோடு சேர்த்துவிட்டனர். பாட்டனாரின் தந்தை யார், எவ்வூரினர், எவ்வாண்டு கப்பலேறினார் என்று வினவினால், கிள்ளான் பள்ளத்தாக்கில் விடை கூறவல்லார் சிலரே. மறதி மட்டுமே இதற்குக் காரணம் அன்று. நாணமும் ஒரு காரணமாகும். கூலியாகவோ கிராணியாகவோ வந்த முன்னோரைப் பெருநிலக்கிழார் ஆக்கிக் கூறுவாரும் நம்மிடையே உளர்.

இவ்வியல்பு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலத்தில், பென்சில்வேனியாவில் டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்னும் கடிகாரக் கைவினைஞர் வாழ்ந்தார். 1732இல் பிறந்த அவர் வானநூலிலும் வல்லவர். 1792இல் அந்நாட்டு நாணயச் சாலையின் முதல் இயக்குநரானார். அவருடைய குடும்பம் ஆஸ்திரியப் பேரரசர் வழிவந்தது என்று பின்னோர் பெருமை பேசினர். ஆராய்ச்சியாளர் ஏடுகளைப் புரட்டினர். கொள்ளுப்பாட்டனார் வில்லியம், ஜெர்மனியிலுள்ள முல்ஹைம் என்னும் ஊரினர், காகிதம் செய்பவர், 1678இல் ஆம்ஸ்டர்டாம் நகரக் குடியுரிமை பெற்றவர், 1690இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் முதல் காகித ஆலையை நிறுவியவர் என்பன புலனாயின. அரச மரபு பொய்யாயிற்று. ஆயினும் குடும்பத்தின் புகழ் குறையவில்லை. உழைத்து உயர்ந்த கைவினைஞர் குடி என்ற உண்மையான பெருமை நிலைத்தது.

இம்முறையில் நம் நாட்டுத் தமிழர் ஒருவரின் குடிவழியை நோக்குவோம். அவர் கே. தம்புசாமிப் பிள்ளை.

பெயர் கூறும் சான்று

ஜெர்மானியருக்குக் குடும்பப் பெயர் உண்டு. ரிட்டிங்ஹவுசன் என்பது ரிட்டன்ஹவுஸ் எனத் திரிந்தாலும், தலைமுறைதோறும் தொடர்வதால் அந்நூலைப் பற்றிப் பின்னோக்கிச் செல்லலாம். தமிழருக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. மகன் காலத்தில் அது மாறிவிடும். பாட்டனார் பெயர் ஏட்டிலிருந்தே மறைந்துவிடும். ஆங்கில அலுவலக ஏடுகள் தந்தை பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கியதால் இழப்பு மேலும் மிகுந்தது.

தம்புசாமியார் பெயரின் முன்னுள்ள ‘கே’ என்பது காயாரோகணம். இஃது இறைவன் திருப்பெயர். நாகைக்காரோணம், குடந்தைக்காரோணம், கச்சிக்காரோணம் என மூன்று தலங்கள் இப்பெயரால் சிறப்புறும். இவற்றுள் நாகப்பட்டினம் மலாயாவுக்குத் தமிழர் கப்பலேறிய துறைமுகம். எனவே நம் நினைவு முதலில் நாகைக்குச் செல்வது இயல்பே. எனினும் பெயர் ஒன்றைக்கொண்டே ஊரை முடிவு செய்தல் ஆகாது. பெயர் வழிகாட்டும், தீர்ப்பு வழங்காது.

ஏடு கூறும் சான்று

தம்புசாமியார் 1850இல் சிங்கப்பூரில் பிறந்தார், ராபிள்ஸ் கல்வி நிலையத்தில் பயின்றார், ஜே. ஜி. டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராக அமர்ந்தார். டேவிட்சன் 1875இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமனம் பெற்றபோது, அவருடன் கிள்ளானுக்கு வந்து கருவூலத் தலைமை எழுத்தரானார். 1880இல் ஆட்சித் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மாநிலப் பொருளாளர் பொறுப்பையும் அவர் தற்காலிகமாக வகித்துள்ளார். பின்னர் அரசுப் பணியை விட்டு வணிகத்தில் இறங்கி, லோக் யூ என்னும் சீனப் பெருவணிகருடன் கூடி ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். 1893இல் விக்டோரியா கல்வி நிலையம் தொடங்கியபோது அறங்காவலருள் ஒருவரானார். 1902இல் மறைந்தார்.

கல் கூறும் சான்று

மூன்றாவது சான்று கோயில். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் 1873இல் இவரால் நிறுவப்பட்டது என்பது கோயில் மரபு. 1885இல் அஃது இன்றைய இடத்திற்கு மாறியது. 1891இல் பத்துமலையில் முருகன் வழிபாடு தொடங்கியதும், அடுத்த ஆண்டு அங்கே தைப்பூசம் நடந்ததும் இவர் பெயரோடு இணைந்தவை.

ஈண்டு ஓர் ஐயம் எழும். 1875இல் வந்தவர் 1873இல் எவ்வாறு கோயில் கட்டினார்? ஏட்டை நம்பிக் கோயில் மரபைத் தள்ளிவிடலாமோ எனின், அது கூடாது. டேவிட்சன் ரெசிடெண்டு ஆவதற்கு முன்பே, சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் தெங்கு குடினுக்குப் பொருளுதவி புரிந்தவர். 1873இல் அவரிடமிருந்து ஈயச் சுரங்க உரிமை பெற்றவர். அவரிடம் பணிபுரிந்தவர் அக்காலத்திலேயே சிலாங்கூர் வந்திருத்தல் இயலும். மறுபுறம், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில்தான் யாப் ஆ லோய் கோலாலம்பூரை மீட்டார். போரில் பாழ்பட்ட ஊரில் அன்று எழுந்தது கோபுரக் கோயிலாக இருந்திருக்க முடியாது. அத்தாப்புக் கூரை வேய்ந்த கொட்டகையே தொடக்கம் என்னும் மரபுச் செய்தி இதனோடு பொருந்துகிறது. சான்றுகள் மாறுபடும்போது இரண்டையும் எழுதிவைத்து, இரண்டையும் உசாவுவதே வரலாற்று முறை.

அக்கோயிலும் முதலில் குடும்பக் கோயிலாகவே இருந்தது; 1920களின் இறுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆகவே ஒரு குடும்பத்தின் வரலாறு நகரத் தமிழர் அனைவரின் வரலாறாயிற்று. சௌகிட் வட்டாரத்தில் ஜாலான் தம்புசாமி என்ற தெரு இன்றும் உண்டு. நாள்தோறும் அவ்வழிச் செல்வோருள் காயாரோகணத்தாரை நினைப்பவர் எத்துணைப் பேர்?

நம் கடமை

செல்வரும் அலுவலரும் ஏட்டில் இடம்பெற்றனர். பால்மரம் வெட்டியவர்க்கும் தண்டவாளம் இட்டவர்க்கும் என்ன சான்று என்று கேட்கலாம். உண்டு. தோட்டத்துச் செக்ரோல் ஏடு, கோயில் உபயகாரர் பலகை, இடுகாட்டுக் கல், பழைய கடவுச்சீட்டு, திருமண அழைப்பிதழ், ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகிய யாவும் சான்றுகளே. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 1886இல் இரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. அங்கே வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர் இல்லங்களிலும் இத்தகைய தாள்கள் பெட்டியடியில் கிடக்கும். 1875 முதற்கொண்ட சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

ஆனால் தாள் காத்திருக்கும். முதியவர் நினைவு காத்திராது. பாட்டியார் இருக்கும்போதே ஊர்ப்பெயரையும் உறவுமுறையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்தை விரித்துப் பாட்டனார் பெயரையும் முழுமையாக எழுதுங்கள். எழுதும்போது கூலி என்று தெரிந்தால் கூலி என்றே எழுதுங்கள். கடிகாரக் கைவினைஞரின் குடிக்கு அரச மரபு தேவைப்படவில்லை. நம் குடிகளுக்கும் அது தேவையில்லை.