பர்வதிக் குன்றின் மேலிருந்து

நம் முன்னோர் புனா என்று வழங்கிய புனே மாநகரில் குடியேறிய தமிழ் அன்பர்களுள் பர்வதிக் குன்றில் ஏறாதவர் அரியர். படைப்பணியை முன்னிட்டோ, ரயில்வேயையும் தொழிற்சாலைகளையும் முன்னிட்டோ அங்கு வந்து நிலைபெற்றவர்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால் மாலை வேளையில் அக்குன்றிற்கு அழைத்துச் செல்வதுண்டு. படிகள் 103. யானையும் ஏறத்தக்க அகலமும் தாழ்வும் உடையவை. ஆதலின் முதியவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். உச்சி மதில் ஓரத்தில் நின்றால் வடக்கே நகரம் முழுவதும் விரியும். தென்மேற்கே சிங்கக் கோட்டையின் மலைமுகடு தெரியும். காற்று வாங்கிவிட்டு நாம் இறங்கிவிடுகிறோம். அம்மதிலோரத்தில் நமக்கு முன் நின்றவர்கள் யாவர், அவர்கள் கண்டது யாது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பர்வதி ஒரு காலத்தில் நகரின் தென்புறத்தே தனித்து நின்ற குன்று. மராட்டிய அரசின் தலைமையமைச்சராகிய பேஷ்வாக்களுள் மூன்றாமவர் பாலாஜி பாஜிராவ். நானாசாகேப் என்பது அவரது வழக்குப் பெயர். 1749-இல் அவர் இங்குத் தேவதேவேசுவரர் கோயிலை எழுப்பினார். அவருடைய அன்னையார் காசிபாயின் கால்நோய் இக்குன்றின் தேவியை வழிபட்டுத் தீர்ந்தமையால் நேர்ந்துகொண்ட திருப்பணி இது என்பது வழிவழி வந்த செய்தி. திருமாலுக்கும் விட்டலருக்கும் கார்த்திகேயருக்கும் தனிக் கோயில்கள் உண்டு. கார்த்திகேயர் நம் முருகப் பெருமானே! ஆயினும் மராட்டிய நாட்டில் அவர் பிரமசாரி. பெண்டிர் அவரைத் தரிசித்தலாகாது என்பது அங்கு நெடுங்காலத்து வழக்கு. வள்ளி தெய்வயானை சமேதராய் அவரைக் கண்டு பழகிய நம் தாய்மார்களுக்கு இது வியப்பாகவே இருக்கும்.

நானாசாகேப் கோயிலோடு நின்றாரல்லர். காத்ரஜில் ஏரி அமைத்து, அங்கிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நகரின் பொதுத்தொட்டிகளுக்கு நீர் கொணர்ந்தார். ஆம்பில் ஓடையைத் தேக்கிக் குன்றின் அடியில் ஓர் ஏரியையும் நடுவே ஒரு தீவையும் உண்டாக்கினார். அத்தீவில் 1784-இல் நிறுவப்பெற்ற கணபதியே இன்று சாரஸ்பாக் பூங்காவில் நாம் காணும் கணபதி. ஏரி பின்னாளில் தூர்க்கப்பட்டது. நீரைக் கொணர்ந்தவரின் குன்று ஒருமுறை நீருக்கு அஞ்சி ஓடியவர்களுக்கும் இடமளித்தது. 1961 ஜூலை 12-ஆம் நாள் பான்ஷெட் அணை உடைந்து நகரின் தாழ்ந்த பேட்டைகள் மூழ்கியபோது, மக்கள் பர்வதி முதலிய மேடுகளை நாடி ஓடினர்.

குன்றின் அடிவாரத்து ரமணா என்னும் வளாகத்தில், பேஷ்வாக்கள் ஆண்டுதோறும் ஆவணித் திங்களில் வேதம் வல்ல அந்தணர்க்குத் தட்சிணை வழங்கினர். ஆட்சி மாறிய பின் எல்பின்ஸ்டன் அந்நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு 1821-இல் ஒரு சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவினார். அதன் வழிவந்ததே இன்றைய டெக்கான் கல்லூரி.

1761 ஜனவரி 14-இல் பானிப்பட்டுப் போர்க்களத்தில் மராட்டியப் படை அழிந்தது. நானாசாகேபின் மூத்த மகன் விசுவாசராவும், சிற்றப்பன் மகன் சதாசிவராவும் மாண்டனர். வடக்கு நோக்கிப் புறப்பட்டிருந்த பேஷ்வா வழியிலேயே செய்தி கேட்டு, உள்ளம் உடைந்து திரும்பினார். அவ்வாண்டு ஜூன் 23-இல், தாம் கட்டிய இக்குன்றின் மேலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 40.

அவருடைய தம்பி மகனாரும் கடைசிப் பேஷ்வாவுமாகிய இரண்டாம் பாஜிராவ் இங்கு நின்று கண்டது வேறொரு காட்சி. 1817 நவம்பர் 5-ஆம் நாள், வடக்கே ஆங்கிலேயர் கிர்க்கி என்றழைத்த கட்கி வெளியில், ஆங்கிலேயப் படை 3000-க்கும் குறைவு. மராட்டியர் பக்கம் குதிரை வீரர் மட்டுமே அதனினும் பன்மடங்கு. தளபதி பாபு கோகலே களத்தில் நின்றார். பேஷ்வா பர்வதியில் நின்றார். அப்போரில் உடனிருந்தவரும், 1826-இல் மராட்டியர் வரலாற்றை வெளியிட்டவருமான கிராண்ட் டப் ஒரு செய்தி தருகிறார். பேஷ்வா கடைசி நேரத்தில் மனம் தளர்ந்து, முதல் பீரங்கியை நம்மவர் வெடித்தல் ஆகாது என்று கோகலேக்கு ஆளனுப்பினாராம். தூதன் வருவதைக் கண்ட கோகலே, அவன் கொண்டுவரும் செய்தி இன்னதென்று ஊகித்து, அவன் வந்து சேருமுன்னே பீரங்கிகளை முழங்கச் செய்தாராம்! ஆயினும் அவருடைய குதிரைப்படை பாய்ந்த வழியில் எவரும் எதிர்பாராத சதுப்பு நிலம் இருந்தது. குதிரைகள் புதைந்து நிலைகுலைந்தன. பன்னிரண்டு நாட்களுள் புனே ஆங்கிலேயர் வசமாயிற்று. கோகலே 1818 பிப்ரவரியில் ஆஷ்டியில் போரிட்டு வீழ்ந்தார். பாஜிராவ் ஜூன் மாதம் சரணடைந்து, ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் உபகாரச் சம்பளம் பெற்று, கங்கைக் கரையிலுள்ள பிட்டூரில் 1851 வரை வாழ்ந்தார்.

அவர் நின்று பார்த்த பலகணி இதுவே என்று குன்றின்மேல் காட்டுவார்கள். காண வருவோரும் ஆவலோடு எட்டிப் பார்ப்பார்கள். எமக்கோ, இக்குன்றின் வரலாற்றில் அப்பலகணியைக் காட்டிலும் நினைக்கத்தக்க இடம் கோயில் வாயில் என்று தோன்றுகிறது.

1929 அக்டோபர் 13-ஆம் நாள் ஒரு கூட்டத்தார் இப்படிகளில் ஏறினர். அவர்கள் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களும், அவர்களுக்குத் துணைநின்ற சிலரும் ஆவர். சிவராம் ஜான்பா காம்ப்ளே, பி.என். ராஜபோஜ் ஆகியோர் முன்னின்றனர். பிற்காலத்தில் சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தில் பெரும்பங்கு ஏற்ற எஸ்.எம். ஜோஷி அப்போது இளைஞராக உடன் சென்றார். வாளும் வேலும் அவர்களிடம் இல்லை. இறைவனைத் தொழவேண்டும் என்பதொன்றே கோரிக்கை. கோயிற் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. வைதிகர் தரப்பினர் கல்லெறிந்தனர். ராஜபோஜ் முதலியோர் காயமுற்றனர். பம்பாயில் அம்பேத்கர் இப்போராட்டத்தை ஆதரித்துப் பேசினார். இத்தனைக்குப் பின்னும் கதவு திறக்கவில்லை. படையோடு பொருத கோகலேயைப் போற்றும் நாம், கைவீச்சின்றிக் கல்லடியை ஏற்ற இவர்களையும் அதற்குக் குறையாத வீரர்களாகவே கொள்ளவேண்டும்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் நாசிக் காலாராமர் கோயில் முன்பும் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆலயப் பிரவேசம் 1939 ஜூலை 8-இல் நிகழ்ந்தது. பம்பாய் மாகாணத்தில் எல்லா இந்துக்களுக்கும் கோயிற் கதவைத் திறந்துவிடும் சட்டம் வந்தது 1947-இல். பர்வதியின் வாயிலில் கல்லடி பட்டவர்கள் அதற்காகப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.