திருவொற்றியூர் புல்லட்டும் மூன்று ஸ்பேனரும்

பழைய புல்லட் ஒன்று காலையில் பத்து கிக் அடித்தும் கிளம்ப மாட்டேன் என்கிறது. கிளம்பினாலும் மேட்டில் திணறுகிறது. டாப்பெட் தையல் மெஷின் மாதிரி சத்தம் போடுகிறது. கிளட்சைப் பிடித்தால் கை வலிக்கிறது. என்ஜின் போயிற்று, விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கிறது. அப்புறம் யாரோ ஒரு வயதான மெக்கானிக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் எதையோ நோண்டுகிறார். என்ஜினைத் திறக்கவில்லை, பெரிய செலவும் இல்லை. ஆனால் வண்டி ஒரே கிக்கில் பிடித்துக்கொள்கிறது!

எல்லாப் பழைய வண்டியும் இப்படித் திரும்பி வருவதில்லை. புல்லட் வருகிறது என்றால் அதன் காரணம் மெக்கானிக்கின் கைராசி மட்டுமல்ல. பாதிக் காரணம் இந்தியாவின் பொருளாதார வரலாற்றில் இருக்கிறது.

ராயல் என்ஃபீல்டின் ஊர் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு அருகே இருக்கும் ரெடிட்ச். தையல் ஊசிக்குப் பேர்போன ஊர் அது. இந்தக் கம்பெனியின் பூர்வீகமும் ஊசித் தொழில்தான். (துப்பாக்கிக்குப் பாகம் செய்து கொடுத்ததால்தான் 'என்ஃபீல்டு' என்ற பெயரே வந்தது.) 'புல்லட்' என்ற பெயர் 1932-லேயே வந்துவிட்டது என்றாலும், நமக்குத் தெரிந்த புல்லட் 1949-ல் விற்பனைக்கு வந்த 350 சிசி வண்டி. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 346 சிசி. உலகப் போர் முடிந்த கையோடு வந்த வண்டி என்பதை மறக்கக்கூடாது. அதை வாங்கியவர் பெரும்பாலும் தன் கையாலேயே பழுது பார்த்துக்கொள்பவர். அதனால் அடிக்கடி சரிசெய்ய வேண்டிய இடம் எல்லாம் கைக்கு எட்டும்படி வெளியிலேயே வைக்கப்பட்டது.

ஐம்பதுகளில் இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. 800 புல்லட்டுக்கு ஆர்டர் போனது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957-ல் பாகங்களைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. அன்னியச் செலாவணிக்கு நாடு தவித்த காலம், வேறு வழியும் இல்லை.

இங்கேதான் வேடிக்கை. ரெடிட்சில் புல்லட்டை மாற்றிக்கொண்டே போனார்கள், அறுபதுகளின் தொடக்கத்தில் நிறுத்தியும் விட்டார்கள். 1967-ல் ரெடிட்ச் தொழிற்சாலையே மூடப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் கம்பெனியும் இல்லை. திருவொற்றியூரிலோ 1955 மாடல் வண்டி அப்படியே வந்துகொண்டிருந்தது. 1977-ல் இங்கிருந்து புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

மாடல் மாறவில்லை என்பதற்குச் சந்தையில் ஒரு அர்த்தம் இருக்கிறது. ஒரே பாகத்துக்கு ஐம்பது வருஷம் கிராக்கி. கம்பெனி மட்டுமில்லை, சின்னப் பட்டறைகளும் துணிந்து அந்தப் பாகத்தைச் செய்யலாம், கடைக்காரர் துணிந்து வாங்கி அடுக்கலாம். சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் இருக்கும்போது பாகம் கிடைக்காமல் புல்லட் நின்றது என்ற பேச்சுக்கு இடம் குறைவு. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் எழுதி எழுதி மதிப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த வண்டி, ரோட்டில் ஓடிக்கொண்டே இருந்தது.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் என்னதான் செய்தார்?

முதலில் பாயிண்ட். பழைய புல்லட்டில் ஸ்பார்க்குக்கு எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. இரண்டு சின்ன உலோக முனைகள், ஒரு கேம் அவற்றைத் திறந்து மூடுகிறது. திறக்கும் கணத்தில் காயிலில் மின்னழுத்தம் எகிறி பிளக்கில் பொறி விழுகிறது. நாளாக ஆக முனைகள் கருகிக் குழி விழும். கேமில் உரசும் குதிகால் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும், குறைந்தால் முனைகள் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாக விழும். வண்டி சூடாகும், இழுக்காது. பாவப்பட்ட ஓனர் பிஸ்டன் போச்சு என்று நினைப்பார். உப்புத்தாளை மடித்து முனைகளைத் தேய்த்து, இடைவெளியை 0.35-லிருந்து 0.40 மி.மீ.க்குள் வைத்தால் வியாதி தீர்ந்தது.

இதே பாயிண்டுக்கும் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்ப் மீட்டருக்கும் உறவு உண்டு. சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அந்த முள்ளே சொல்லிவிடும். டிகம்ப்ரஷரைப் பிடித்துக் கிக்கரைக் கொஞ்சம் தள்ளி, விட்டுவிட்டு, மறுபடி மேலிருந்து ஒரே உதை. இந்த வித்தை தெரியாமல் உதைத்துக் கணுக்காலில் அடி வாங்கியவர்கள் கணக்கில் அடங்கமாட்டார்கள். பாயிண்ட் சரியில்லை என்றால் முள்ளும் பொய் சொல்லும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்றும் சரியாவது இப்படித்தான்.

அடுத்தது டாப்பெட். சிலிண்டரின் வலது பக்கம் கீழே ஒரு சின்ன மூடி, அதற்கு ஒரே ஒரு நட். மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடின் கீழ்முனையும் கண்ணுக்குத் தெரியும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்க வேண்டும். மூன்று ஸ்பேனரை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும் (இருப்பதோ இரண்டு கை!). புஷ்ராடு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு. இங்கே அளவுகோல் விரல்தான். இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது, சூடான வண்டி மறுபடி கிளம்பாது. தளர்ந்தால் சத்தம். அந்த மூடியின் நட்டை வீராவேசமாக முடுக்கினால் ஆயில் கசியும் என்பது தனிக்கதை.

மற்றதெல்லாம் இன்னும் சின்ன வேலை. கிளட்ச் கேபிளில் நாலு சொட்டு ஆயில் விட்டால் கை வலி போகும். கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி ஊதினால் ஐட்லிங் நிற்கும். செயினை இழுத்துவிட்டால் கியர் மாற்றும்போது வரும் உதறல் பாதி குறையும்.

இதையெல்லாம் வைத்துப் புல்லட்டைத் தெய்வமாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. அது கொஞ்சம் அதிகம். மாடல் மாறாமல் இருந்தது கம்பெனியின் ஞானத்தால் அல்ல. லைசென்ஸ் ராஜ்ஜியம், இறக்குமதித் தடை, போட்டியே இல்லாத சந்தை ஆகியவற்றின் விளைவு அது. சதா சரிசெய்ய வேண்டியிருந்தது என்பதும் ஒரு குறைதானே? 1984-ல் இண்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பானியக் கூட்டில் வண்டிகள் வந்ததும் ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை. ஆபீஸ் போகிறவருக்கு ஆம்ப் மீட்டர் முள்ளோடு பேச நேரம் ஏது? என்ஃபீல்டு இந்தியா தள்ளாடி 1994-ல் ஐஷர் கைக்குப் போனது. 2000-ஐ ஒட்டி இழுத்து மூடிவிடலாமா என்ற நிலை வரைக்கும் வந்தது.

கம்பெனியைக் காப்பாற்றியது 2008, 2009-ல் வந்த புது என்ஜின். அதில் பாயிண்ட் இல்லை. டாப்பெட் ஹைட்ராலிக், தானே சரிசெய்துகொள்ளும். வார்ப்பிரும்பு என்ஜின் சீக்கிரமே நின்றுபோனது. 2020-ல் பிஎஸ்-6 விதி வந்ததும் கார்புரேட்டரும் போயிற்று. புது வண்டி மக்கர் செய்தால் ஸ்கேனரை மாட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சின்ன மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு புஷ்ராடை விரலில் உருட்டிப் பார்த்தவருக்கு அங்கே வேலை இல்லை.

பழைய வண்டிக்கான பாயிண்ட் செட் இன்னமும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் தொங்குகிறது. வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பதற்குத்தான் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.