கழற்றிப் பார்த்தவரின் ஊரில் ஒரு கார் மியூசியம்

இந்தியாவில் பழைய கார் என்றதும் அரண்மனைதான் முதலில் நினைவுக்கு வரும். உதய்ப்பூரில் மேவார் அரச குடும்பத்தின் கார்கள், அவர்களுடைய பழைய கார் கொட்டகையிலேயே 2000-ஆம் ஆண்டு முதல் காட்சிக்கு நிற்கின்றன. கோவை அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியத்தின் வம்சாவளி வேறு. அதன் வேர் ஒரு பஸ் முதலாளியின் பட்டறையில் இருக்கிறது.

கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம், அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியதுதான். 1920-இல் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். யு.எம்.எஸ். பஸ் கம்பெனி அப்படித்தான் பிறந்தது.

நாயுடு குடும்பத்தின் சேகரிப்பே பின்னாளில் மியூசியமாகியது. அதில் நிதானமாக நின்று பார்க்க வேண்டியது பென்ஸ் மோட்டார்வாகன். 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வண்டியின் மறுபடிவம் இது. மூன்றே சக்கரங்கள். ஸ்டீயரிங் வட்டு கிடையாது, திருப்புவதற்கு ஒரு கைப்பிடிதான். இருக்கைக்குப் பின்னால் ஒற்றை சிலிண்டர், படுக்கைவாக்கில் ஒரு பெரிய ஃப்ளைவீல். அதைக் கையால் சுற்றிவிட்டுத்தான் இஞ்சினைக் கிளப்ப வேண்டும். சக்தி ஒரு குதிரைத்திறனைக்கூட எட்டாது. எதையும் மூடி மறைக்காததால், செயின் சக்கரத்தை எப்படி இழுக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். 1888-இல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரு மகன்களோடு இதே வகை வண்டியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் போனார். வழியில் அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார் என்பார்கள்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் இங்கே உண்டு. ரேடியேட்டர் இல்லாமல், பின்புறத்து இஞ்சினைக் காற்றாலேயே குளிர்வித்த கார் அது. உலகில் இரண்டு கோடிக்கு மேல் தயாரானது. பீட்டிலுக்குப் பின்னால் இருந்த, சாமானியர்கள் வாங்கக்கூடிய விலையில் கார் என்ற எண்ணம் நாயுடுவுக்கும் இருந்தது. 1952-இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார்; விலை 2,000 ரூபாய். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தவருக்கு இதுவும் கைகூடியிருக்கும். ஆனால் அரசு உரிமம் தர மறுத்தது, உற்பத்தி நின்றுபோனது. கோவையின் தொழில் வரலாற்றில் அது பெரிய இழப்பு.