கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள்: அச்சம் அகன்ற வரலாறு

காவிரிப் பாசனத்தின் கடைமடையான நாகப்பட்டினம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் 1940கள் வரை நெல் சாகுபடியின் பாரத்தைச் சுமந்தவர்கள் பண்ணையாட்கள். பெரும்பாலும் பள்ளர், பறையர் சாதிகளைச் சேர்ந்த இவர்கள், தலைமுறை தலைமுறையாக ஒரே மிராசுதாரின் பண்ணைக்குக் கட்டுப்பட்டிருந்தனர். ஆண் ஏர் ஓட்டினான், மனைவி நாற்றுப் பறித்து நட்டாள், பிள்ளை பண்ணை மாட்டை மேய்த்தான். குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. கூலி நெல்லாகக் களத்தில் அளக்கப்பட்டது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் பண்ணைக் கணக்கிலேயே நின்றது. பண்ணையாரைப் பகைத்துக்கொண்டவன் வீடு, சோறு, கடன் கிடைக்கும் இடம் மூன்றையும் ஒரே நாளில் இழந்தான். சேரியில் நிலவிய அச்சத்துக்கு வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருந்தது. அதைப் பிறவிக் குணம் என்று சொல்லிவந்தவர்கள் அதனால் பயன் பெற்றவர்களே.

அச்சத்தைக் காத்து நின்றவை தண்டனைகள். விடியுமுன் வயலுக்கு வரத் தவறியவனையும், மாட்டை வரப்பு தாண்டி மேய விட்டவனையும் கட்டி வைத்துச் சாட்டையால் அடிப்பார்கள். அதோடு முடியாது, சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். இதற்குச் சாணிப்பால் என்று பெயர். சாட்டை உடம்பை வருத்தியது; சாணிப்பாலின் நோக்கம் வேறு. பெண்டாட்டி பிள்ளைகளின் கண் முன்னால் மாட்டுச் சாணத்தை விழுங்கியவன் மறுபடி தலை நிமிரக் கூடாது என்பதே அது. அன்றாட விதிகளும் இதே வேலையைச் செய்தன. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. தோளில் துண்டு கிடக்கக் கூடாது. காலில் செருப்புடன் மேலத்தெருவுக்குள் நடக்கக் கூடாது. மிராசுதார் வீட்டுச் சிறுவனையும் பண்ணையாள் ‘ஆண்டே’ என்றே அழைத்தான்.

1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமைமுறைக்குரிய உரிமைகளை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. ஆனால் சட்டம் வந்த செய்தி சேரியை எட்டவில்லை. எட்டியிருந்தாலும் போக வேறு இடம் கிடையாது. தப்ப ஒரே வழி கடல்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு. அங்கே வேறு கொடுமைகள் காத்திருந்தன. ஊரில் தங்கியவர்களின் நிலையை அந்தப் பயணங்கள் மாற்றவில்லை.

மாற்றம் 1943இல் தொடங்கியது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ், கம்யூனிஸ்ட் கட்சியால் தஞ்சை மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்குத் தமிழ் சரளமாக வராது. பிராமண குடும்பத்தில் பிறந்த அவர் சேரிக் குடிசைகளில் படுத்தார், பண்ணையாட்களின் கஞ்சியைப் பகிர்ந்துகொண்டார். மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் முதல் கிளை அமைந்தது. தாய் வயிற்றில் பத்து மாதம்தான் எல்லோருக்கும், அடிக்கிறவன் கையைத் தடுக்க உனக்கும் கை இருக்கிறது என்பதே அவர் ஊர் ஊராகச் சொன்னதன் சாரம். பேச்சை விட வலிமையானது ஓர் ஏற்பாடு. ஒரு சேரியில் ஒருவன் அடிபட்டால் சுற்றுவட்டாரச் சேரிகள் அனைத்தும் வயலில் இறங்க மறுக்கும். முற்றிய கதிர் காத்திருக்காது. நாலு நாள் அறுப்பு தள்ளினால் மணி உதிரும். தனி ஆளாக நின்ற வரை மிராசுதாரிடம் அஞ்சியவர்கள், அறுப்புக் காலத்தில் மிராசுதார் தங்களிடம் அஞ்ச வேண்டியிருப்பதை முதன்முறையாகக் கண்டார்கள். இந்தக் கண்டுபிடிப்பே கீழத்தஞ்சை வரலாற்றின் திருப்பம்.

1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கமும் அரசு அதிகாரிகளும் கூடிச் செய்த ஒப்பந்தம் சாட்டையடியையும் சாணிப்பாலையும் நிறுத்தியது. அடுத்த சண்டை நெல் அளக்கும் மரக்காலைப் பற்றியது. கூலி அளக்க ஒரு மரக்கால், வாரம் வாங்க இன்னொன்று என்று இருந்த பண்ணைகளில், முத்திரையிட்ட மரக்காலையே எடுக்க வேண்டும் என்று சங்கம் கோரியது. களத்தில் குனிந்து நெல்லை வாரிக்கொண்டு போனவன் நின்று அளவைப் பார்த்தான், குறைந்தால் குறைகிறது என்று சொன்னான். வேட்டி கணுக்கால் வரை இறங்கியதும், துண்டு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியதும் இந்த ஆண்டுகளில்தான். களப்பாள் குப்பு, பி.எஸ். தனுஷ்கோடி போன்ற தலைவர்கள் சேரியிலிருந்தே எழுந்தார்கள்.

விலையும் பெரிது. 1948 முதல் கம்யூனிஸ்ட் கட்சி மீது அடக்குமுறை பாய்ந்தது, சீனிவாசராவ் தலைமறைவானார். குப்பு 1948இல் திருச்சிச் சிறையில் இறந்தார். மலாயாவிலிருந்து திரும்பிய வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950இல் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1952இல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. காரணமின்றிப் பண்ணையாளை வெளியேற்றுவதை அது தடுத்தது. பல மிராசுதார்கள் அதைச் சுற்றிப் போக வழி கண்டார்கள்: பண்ணையாள் வைப்பதையே விட்டு, அன்றாடக் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். ஆண்டே என்று அழைக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. நாளை வேலை உண்டா என்ற கவலை அந்த இடத்துக்கு வந்தது.

1960களில் கூலி உயர்வு கோரிக்கைகள் வலுத்தபோது, நில உடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் கண்டு, தொழிலாளர் சங்கத்தின் செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். நாகப்பட்டினத்துக்கு அருகே கீழவெண்மணித் தொழிலாளர்கள் இறக்க மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு அங்கே ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பழைய அச்சத்தைத் திரும்பக் கொண்டுவரவே அந்தத் தீ வைக்கப்பட்டது. அது வரவில்லை. செங்கொடிச் சங்கம் கலையவில்லை, ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் வெண்மணி நினைவிடத்தில் மக்கள் திரள்கிறார்கள்.

விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையத்தின் விசாரணையை ஒட்டி, 1969இல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு மனைச் சட்டம் அதை விட ஆழமாகச் சென்றது. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவருக்கே உரிமையானது; மனையைக் காட்டி மிரட்டும் வழி அடைபட்டது. வெண்மணிக்குப் பின் இப்பகுதிக்கு வந்து தங்கிய காந்தியவாதிகளான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் 1981இல் தொடங்கிய உழுபவனின் நில உரிமை இயக்கம் விளைநிலத்தையே வாங்கிப் பகிர்ந்தது. பேச்சுவார்த்தை நடத்தி, கடன் பெற்று மிராசுதார்களிடமிருந்து வாங்கிய நிலம் நிலமற்ற குடும்பங்களுக்குப் பிரிக்கப்பட்டது. பத்திரம் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டது.